கட்டத்துக்குக் கட்டம் கற்கும் எஞ்சின்

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று இதைவிடக் கூடிப்போனால் கலவை ‘லீன்’ ஆகிறது: எஞ்சின் சூடேறும், இழுவை குறையும், முறுக்கும்போது திணறும். பெட்ரோல் கூடிப்போனால் ‘ரிச்’: மைலேஜ் விழும், பிளக்கில் கரி படியும், சைலென்சர் வழியே கார்பன் மோனாக்சைடு வெளியேறும். வண்டி ஓடும் ஒவ்வொரு நொடியும் இந்த விகிதத்தை விலகாமல் காப்பதுதான் எரிபொருள் கட்டுப்பாட்டின் வேலை. கார்புரேட்டர் காலத்தில் அந்த வேலை பித்தளை ஜெட்டின் துளையளவிலும் மெக்கானிக்கின் காதிலும் இருந்தது. இப்போது ஈசியு என்கிற சிறு கணினியின் நினைவகத்தில் எண்களாக இருக்கிறது. எஞ்சின் ஓட ஓட அந்த எண்களில் உள்ள பிழையைக் கண்டு, தானே திருத்தி, திருத்தியதை மறுநாளைக்கும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் எரிபொருள் கற்றல் அட்டவணை.

காவிரிப் படுகைக்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பரவலாகக் கொண்டுவந்தது பந்தயக் கார் அல்ல, மொபெட். இருசக்கர வண்டியில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை 2006-லேயே ஹீரோ ஹோண்டா கிளாமரில் வந்துவிட்டது என்றாலும், அது விலை கூடிய வண்டிகளின் சொத்தாகவே பல ஆண்டுகள் இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 மாசு விதிகள் கட்டாயமானபோது நிலைமை மாறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் மூட்டையும் புல்லுக்கட்டும் உரமும் சுமக்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. 99.7 சிசி கொள்ளளவுள்ள அந்தச் சிறிய எஞ்சினிலும் இன்று பெட்ரோலின் அளவை முடிவு செய்வது அட்டவணைதான். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் இந்தக் கணக்கில் சேராது. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மிஞ்சிய காற்றோடு ஓடுவது. அதன் ஈசியு செய்துகொள்ளும் திருத்தங்கள் வேறு வகை.

அட்டவணையின் அமைப்பு எளிது. மேலே இடமிருந்து வலமாக எஞ்சினின் சுழற்சி வேகம்: நிமிடத்துக்கு 1,000, 1,500, 2,000 என்று ஏறிக்கொண்டே போகும். பக்கவாட்டில் சுமை: காற்று உள்ளே போகும் குழாயின் அழுத்தம், அல்லது ஆக்சிலேட்டர் திறக்கும் காற்று வால்வு (த்ராட்டில்) எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. தனியாகச் செய்யப்படும் ஈசியுக்களில் 16 வரிசையும் 16 பத்தியுமாக 256 கட்டங்கள் இருப்பது வழக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த வேகத்திலும் அந்தச் சுமையிலும் சிலிண்டர் தன் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்றை உண்மையில் உள்ளிழுக்கிறது என்பதை அது சொல்கிறது. காற்றின் வெப்பமும் அழுத்தமும் சென்சார்கள் வழியே தெரியும். மூன்றையும் சேர்த்தால் காற்றின் எடை கிடைக்கும். அதை வேண்டிய விகிதத்தால் வகுத்தால் பெட்ரோலின் எடை. அந்தப் பெட்ரோல் வெளிவர இன்ஜெக்டர் எத்தனை மில்லிநொடி திறந்திருக்க வேண்டும் என்பதே கடைசி விடை.

இந்த விடை சரிதானா என்று பார்க்க ஒரு சாட்சி வேண்டும். சைலென்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தச் சாட்சி. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய இது, 1976-ல் அமெரிக்கச் சந்தைக்குப் போன வோல்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இதன் உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கான். 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் அது புகையில் மிஞ்சிய ஆக்சிஜனையும் வெளிக்காற்றின் ஆக்சிஜனையும் ஒப்பிட்டு மின்னழுத்தம் தரத் தொடங்கும். கலவை லீனாக இருந்தால் சுமார் 0.1 வோல்ட், ரிச்சாக இருந்தால் சுமார் 0.9 வோல்ட். நடுவில் 0.45 வோல்ட் அருகே அந்த மாற்றம் செங்குத்தாக நடக்கும். எனவே சாதாரணச் சென்சார் ‘கூடுதல்’, ‘குறைவு’ என்று மட்டும் சொல்லும். எவ்வளவு கூடுதல் என்று சொல்லாது. அதையும் அளந்து சொல்ல வைட்பேண்ட் என்ற வகை வேண்டும். டியூனிங் செய்பவர்கள் இன்று பரவலாகப் பயன்படுத்துவது போஷின் எல்எஸ்யு 4.9. அதன் அளவீடு லேம்டா என்ற எண்ணில் வரும்: 1 என்றால் சரியான கலவை, 0.85 என்றால் ரிச், 1.1 என்றால் லீன்.

சென்சார் ‘லீன்’ என்றதும் ஈசியு பெட்ரோலைச் சிறிது சிறிதாகக் கூட்டும். ‘ரிச்’ என்றதும் குறைக்கும். நொடிக்கு நொடி நடக்கும் இந்த ஏற்ற இறக்கம் குறுகிய காலத் திருத்தம். ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் எப்போது ஓடினாலும் இந்தத் திருத்தம் +6 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால், அங்கே அடிப்படை எண்ணிலேயே 6 சதவீதம் குறை இருக்கிறது என்று பொருள். அந்த 6-ஐ ஈசியு மெல்ல மெல்ல இன்னொரு அட்டவணையின் அதே கட்டத்தில் எழுதிவைக்கிறது. இதுவே நீண்ட காலத் திருத்தம், கற்றல் அட்டவணை. எந்தப் பாத்தி மேடு, எந்தப் பாத்தி பள்ளம் என்று ஒரு போகம் பார்த்துத் தெரிந்துகொண்ட விவசாயி, அடுத்த முறை தண்ணீர் வந்ததும் மேட்டுப் பாத்திக்கு மடையை முன்கூட்டியே சற்று அகலத் திறந்துவிடுவார்; பயிர் வாடும் வரை காத்திருக்க மாட்டார். ஈசியு செய்வதும் அதுதான். சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினாலும் அந்த எண்கள் அழிவதில்லை.

பெட்ரோல் பங்கில் விற்கும் எத்தனால் கலந்த எரிபொருளைப் பார்த்தால் இந்தக் கற்றலின் அருமை புரியும். கரும்பு, மக்காச்சோளம், நொறுங்கிய அரிசி, இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசி ஆகியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனால், 2022 ஜூன் மாதத்தில் நாட்டின் பெட்ரோலில் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு சில நகரங்களில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுவதற்கும் அதுவே வழக்கமானது. எத்தனால் மூலக்கூறில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்றே போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 10 சதவீதக் கலப்புக்கு 14.1, 20 சதவீதக் கலப்புக்கு 13.5 என்று விகிதம் இறங்குகிறது. அதாவது 10-லிருந்து 20-க்குப் போகும்போது அதே காற்றுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக அமைத்த அட்டவணை என்றால் ஏறத்தாழ 9 சதவீதம். கார்புரேட்டர் வண்டியில் இந்த மாற்றத்தைக் கண்டறிய ஆளில்லை. கலவை லீனாகிவிடும், உரிமையாளர் ‘பிக்கப் இல்லை’ என்பார், மெக்கானிக் ஜெட்டை மாற்றுவார். சென்சார் உள்ள வண்டியோ சில நாள் ஓட்டத்தில் எல்லாக் கட்டங்களிலும் +4 என்று எழுதிக்கொண்டு வேலையைப் பார்க்கும்.

ஆனால் கற்றுக்கொள்வதால் இழப்பு மறைந்துவிடாது. எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலினுடையதைவிடக் குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கை, தூய பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு அளவு பொருத்திய கார்கள் 20 சதவீதக் கலப்பில் ஓடினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரையும், அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் வரையும் குறையும் என்று மதிப்பிட்டது. கற்றல் அட்டவணை எஞ்சினைக் காக்கும். லிட்டருக்கு ஓடும் தூரத்தைத் திருப்பித் தராது.

காவிரிப் படுகையின் தட்பவெப்பமும் இந்த எண்களில் பதிகிறது, பலரும் நினைக்கிற அளவுக்கு அல்ல. வடகிழக்குப் பருவமழையில் 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது காற்றின் அழுத்தத்தில் சுமார் 3.6 சதவீதத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் 40 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்றால் 2.2 சதவீதம். வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. மழைக்காலத்தின் உண்மையான தொல்லை காற்றில் இல்லை, டாங்கில் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக் கரைக்கும் குணமுள்ளது. ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்பு உறிஞ்சுவது அடியிலிருந்துதான். எஞ்சின் தட்டுத்தடுமாறி ஓடும் அந்த நேரத்தில் ஈசியு கற்பதெல்லாம் தவறான பாடம்.

வெப்பத்தின் கணக்கு வேறு. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறையும். அதைக் காற்று வெப்பச் சென்சார் பார்த்துக்கொள்ளும். ஆனால் பெரிய கோயில் வாசலில் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியில் அந்தச் சென்சாரே கொதித்துப்போயிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் உள்ளே வரும் காற்று உண்மையில் 38 டிகிரிதான். சென்சார் 60 என்று சொல்லும். ஈசியு பெட்ரோலைக் குறைத்துவிட, கலவை லீனாகும். சில நிமிட ஓட்டத்தில் எல்லாம் குளிர்ந்து சரியாகிவிடும். அந்தச் சில நிமிடங்களில் கற்றலை நிறுத்திவைக்காவிட்டால் பொய்யான ஒரு கூட்டல் அட்டவணையில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இதுவரை சொன்னவை தொழிற்சாலை அமைத்துத் தந்த அட்டவணைகள். எஞ்சினையே மாற்றியமைக்கும்போது நிலைமை கடினமாகிறது. சிலிண்டரின் உள்விட்டத்தை (போர்) அகலப்படுத்துவது, கேம்ஷாஃப்டை மாற்றுவது, ஏர் ஃபில்டரையும் சைலென்சரையும் மாற்றுவது, எல்லாமே சிலிண்டர் இழுக்கும் காற்றின் அளவை மாற்றுகின்றன. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டி. பெட்ரோல் கார் பிரிவில் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. கேடிஎம் 390 போன்ற பைக் எஞ்சினை எடுத்து இந்தத் துளையைப் பொருத்தினால், குறைந்த வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வேகம் ஏற ஏறத் துளை காற்றைத் தடுக்கும். தொழிற்சாலை அட்டவணை அங்கே பயன்படாது. மாணவர்கள் தனி ஈசியு வாங்கியோ தாங்களே செய்தோ அட்டவணையை முதலிலிருந்து எழுத வேண்டும். புரூஸ் பௌலிங்கும் ஆல் கிரிப்போவும் 2001 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கிய மெகாஸ்குவர்ட், பிறகு ஆர்டுயினோ பலகையின் மேல் உருவான ஸ்பீடுயினோ போன்றவை வந்த பிறகு இந்த வேலை சில ஆயிரம் ரூபாயிலும் செய்யக்கூடியதாகிவிட்டது. பொறியியல் மாணவருக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைப்பது அரிது.

கற்றல் அட்டவணையை அமைக்க உட்காரும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவது இன்ஜெக்டரின் விவரம். மின்சாரம் கொடுத்த உடனே இன்ஜெக்டர் திறப்பதில்லை. ஏறத்தாழ ஒரு மில்லிநொடி தாமதம் இருக்கும், பாட்டரி மின்னழுத்தம் குறைந்தால் தாமதம் கூடும். இந்த எண்ணில் 0.2 மில்லிநொடி பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் மொத்தத் திறப்பே 2 மில்லிநொடி என்றால் அது 10 சதவீதப் பிழை. முழுச் சுமையில் 10 மில்லிநொடி திறக்கும்போது வெறும் 2 சதவீதம். ஒரே ஒரு தவறான எண் அட்டவணை முழுவதிலும் கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு பிழையாகத் தெரியும். அதைக் கற்றல் அட்டவணையால் ஒட்டுப்போட்டு மூடலாம், மூடக் கூடாது. மூலத்தைத் திருத்த வேண்டும். பெட்ரோல் அழுத்தம், அழுத்தச் சென்சாரின் அளவுப் பொருத்தம், சைலென்சர் குழாயில் சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்புகளில் கசிவு, இவற்றையும் முன்பே பார்த்துவிட வேண்டும். கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே வந்தால் சென்சார் அதை லீன் என்று படிக்கும். ஈசியு பெட்ரோலைக் கொட்டும்.

இரண்டாவது, அடிப்படை அட்டவணையைக் கையால் ஓரளவு சரிசெய்துவிட வேண்டும். வைட்பேண்ட் சென்சாரின் பதிவுகளைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்தையும் இலக்கிலிருந்து 5 சதவீதத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் கற்றலைத் திறந்துவிடுவது முறை. 30 சதவீதம் பிழையுள்ள அட்டவணையைக் கற்றலிடம் ஒப்படைப்பவர்கள் பலர். கணினிதான் பார்த்துக்கொள்கிறதே என்ற நம்பிக்கை. அது கற்று முடிக்கும் வரை எஞ்சின் அந்தப் பிழையோடுதான் ஓடுகிறது. முழுச் சுமையில் லீனாக ஓடும் எஞ்சினில் பிஸ்டன் உருகக் கற்றல் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு எல்லை. கற்றல் அதிகபட்சம் எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு குறைக்கலாம் என்று வரம்பு வைக்க வேண்டும். தொடக்கத்தில் இரு பக்கமும் 10 முதல் 15 சதவீதம்; அட்டவணை தேறிய பின் 5 சதவீதத்துக்குச் சுருக்கலாம். திருத்தம் வரம்பில் போய் முட்டி நிற்கிறது என்றால் வரம்பை அகலமாக்குவது தீர்வல்ல, எங்கோ பழுது இருக்கிறது. முழுச் சுமைக் கட்டங்களில் இன்னும் கண்டிப்பு தேவை. அங்கே இலக்கு லேம்டா 0.85, 0.88 என்று ரிச்சாக இருக்கும். சாதாரணச் சென்சாருக்கு அந்த இடத்தில் பார்வையே கிடையாது. வைட்பேண்ட் இருந்தாலும் அந்தக் கட்டங்களில் கூட்ட மட்டும் அனுமதித்து, குறைக்க அனுமதி மறுப்பதுதான் பாதுகாப்பு.

எப்போது கற்கலாம் என்பதே இந்த வேலையில் அதிகக் கவனம் கேட்கும் பகுதி. எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும்: குளிர்நீர் வெப்பம் 70 டிகிரிக்கு மேல் என்று வைப்பார்கள். சென்சார் சூடேறியிருக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திடீரென முறுக்கும்போது ஈசியு தற்காலிகமாகக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். விட்டுவிடும்போது பெட்ரோலையே நிறுத்தும். இரண்டு நேரத்திலும், அதற்குப் பின் ஓரிரு நொடியும் கற்றல் நின்றிருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியின் முதல் சில நிமிடங்களும் அப்படித்தான். பாட்டரி மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரமும் அப்படித்தான். சுருக்கமாகச் சொன்னால், வேகமும் சுமையும் ஒரு கட்டத்துக்குள் நிலையாக இருக்கும்போது மட்டுமே கற்கலாம்.

இதில் தாமதம் என்ற நுணுக்கமும் உண்டு. சிலிண்டரில் எரிந்த புகை சென்சாரை அடைய நேரம் ஆகும். ஐடிலிங்கில் அரை நொடி வரைகூட ஆகலாம்; உயர்ந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. இந்தத் தாமதத்தை ஈசியுவுக்குச் சொல்லாவிட்டால், 2,000 சுழற்சியில் நடந்த பிழையை, வண்டி 3,000-க்கு ஏறிவிட்ட பிறகு, 3,000-க்கான கட்டத்தில் எழுதிவிடும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்று +8, ஒன்று -7 என்று பல் பல்லாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். உண்மையான எஞ்சின் அப்படி மூச்சு விடாது. காற்று இழுக்கும் அளவு வேகத்தோடு வழுவழுப்பாகத்தான் மாறும்.

கற்கும் வேகமும் அளவாக இருக்க வேண்டும். வேகமாகக் கற்கும் அட்டவணை ஒரே ஒரு தடுமாற்றத்தையும் உண்மை என்று எழுதிக்கொள்ளும். மெதுவாகக் கற்பது பெட்ரோல் மாறினாலும் நாள்கணக்கில் பின்தங்கும். குறுகிய காலத் திருத்தத்தில் ஒரு சிறு பங்கை மட்டும், கட்டத்தின் நடுப்புள்ளிக்கு அருகே ஓடும்போது அதிகமாகவும் விளிம்பில் ஓடும்போது குறைவாகவும் எழுதுவது நல்ல ஏற்பாடு. கட்டங்களைச் சின்னதாகப் பிரித்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். ஆனால் பல கட்டங்களில் எஞ்சின் வந்து நிற்கவே நிற்காது.

காவிரிப் படுகையில் இது நடைமுறைச் சிக்கல். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். அங்கிருந்து நாகப்பட்டினம் வரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கமில்லாத சமவெளி. அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகும் பழைய சாலையில் ஓட்டினால் ஊர்களும் வளைவுகளுமாகக் குறைந்த சுமைக் கட்டங்களே திரும்பத் திரும்ப நிரம்பும். குறைந்த வேகத்தில் அதிகச் சுமை என்ற மூலை காலியாகவே கிடக்கும். அந்த எஞ்சினைக் கொடைக்கானல் மலையேற்றத்துக்குக் கொண்டுபோனால் முதல்முறையாக அந்தக் கட்டங்களில் கால்வைக்கும். அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். த்ராட்டில் திறப்பை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஈசியுவில் தனி வளிமண்டல அழுத்தச் சென்சார் இல்லாவிட்டால், -20 சதவீதம் என்ற பிழையைக் கற்றல் அட்டவணை தாங்காது. உயரத்தைக் கற்கவைக்கக் கூடாது. அளந்து திருத்த வேண்டும். காலியான மூலைகளை நிரப்ப டைனோ என்ற உருளை மேடைதான் சரியான இடம். ஆள் நடமாட்டமும் நெல் உலர்த்தலும் உள்ள கிராமச் சாலை அல்ல.

அறுவடைக் காலத்துப் பதரும் வைக்கோல் தூசும் ஏர் ஃபில்டரை அடைக்கும்போது இரண்டு வகை ஈசியுக்களும் இரண்டு விதமாக நடக்கும். குழாயின் அழுத்தத்தை அளக்கும் வகைக்கு அழுத்தம் குறைவது தெரிந்துவிடும். பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும், கற்றல் அட்டவணையில் தடமே இருக்காது. த்ராட்டில் திறப்பை நம்பும் வகையில் கலவை ரிச்சாகி, அதிகச் சுமைக் கட்டங்களில் கழித்தல் எண்கள் ஏறும்.

இப்படிப் படிக்கத் தெரிந்துகொண்டால் கற்றல் அட்டவணை ஒரு நோயறிக் குறிப்பேடாகிறது. அதன் பெரிய பயன் இதுவே என்று சொல்லலாம். த்ராட்டில் திறப்பை நம்பும் வகையில், ஐடிலிங்கில் +15, வேகம் ஏறினால் 0 என்று இருந்தால் த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிவு. கசியும் காற்றின் அளவு ஏறத்தாழ மாறாதது. மொத்தக் காற்று குறைவாக உள்ள ஐடிலிங்கில்தான் அது பெரிதாகத் தெரியும். மாறாக, சாதாரண ஓட்டத்தில் 0, அதிகச் சுமையில் +12 என்றால் பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. எல்லாக் கட்டங்களிலும் ஒரே அளவு கூட்டல் என்றால் எரிபொருளே மாறியிருக்கும். எல்லாவற்றிலும் கழித்தல் என்றால் இன்ஜெக்டர் ஒழுகல் அல்லது அழுத்தம் கூடுதல். பிளக் ஒன்று சரியாகத் தீப்பொறி விடாதபோது வரும் எண்தான் மிகவும் ஏமாற்றும். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு ஆக்சிஜனும் அப்படியே வெளியே வரும். ஆக்சிஜனை மட்டும் பார்க்கும் சென்சார் லீன் என்று சொல்லும். ஈசியு மேலும் பெட்ரோல் கூட்டும். புகையில் பெட்ரோல் வாடை, அட்டவணையில் பெரிய கூட்டல், இரண்டும் சேர்ந்திருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

எஞ்சின் நன்றாக இருக்கிறது, எண்களும் பல ஓட்டங்களில் நிலையாக நிற்கின்றன என்று உறுதியானதும், கற்றவற்றை அடிப்படை அட்டவணையோடு சேர்த்துவிட்டுக் கற்றல் அட்டவணையைப் பூச்சியமாக்க வேண்டும். அடிப்படை எண் 60, கற்றது +5 சதவீதம் என்றால் புதிய எண் 63. எஞ்சின் போதிய நேரம் தங்காத கட்டங்களின் எண்களை நம்பாமல், பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து இழைத்துவிட வேண்டும். சேர்த்தல், பூச்சியமாக்கல், மறுபடி ஓட்டம் என்று சில சுற்றுகள் போனால் திருத்தங்கள் 2, 3 சதவீதத்துக்குள் அடங்கும். அதற்குமேல் கற்றலுக்கு மிச்சமிருப்பது பெட்ரோல் மாற்றமும் எஞ்சினின் தேய்மானமும்தான். அவற்றுக்காகத்தான் அது இருக்கிறது.

சாலையில் ஓடும் வண்டியைப் பொறுத்தவரை சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பதிவுசெய்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. தனி ஈசியுவும் புது அட்டவணையும் பந்தயத் தடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உரியவை.

தொழிற்சாலை அட்டவணையோடு ஓடும் வண்டிக்காரருக்கும் இதில் வேலை இருக்கிறது. மைலேஜ் விழுந்தது, பிக்கப் போனது என்று வண்டியைப் பட்டறையில் விடும்போது, இன்ஜெக்டரைக் கழுவவோ ஈசியுவை ரீசெட் செய்யவோ சம்மதிப்பதற்கு முன், ஸ்கேனரைப் பொருத்தி நீண்ட காலத் திருத்தத்தின் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் ஒரு முறை, ஓட்டத்தில் ஒரு முறை பாருங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் பெட்ரோல் கணக்கில் குறையில்லை, வேறு இடத்தில் தேடலாம். 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பழுது எங்கே என்று அந்த எண்ணே பாதி சொல்லிவிடும். ரீசெட் செய்தால் அந்தச் சாட்சியம் அழிந்துபோகும். எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே அதற்குச் சம்மதியுங்கள்.